ஜாஸ் இசையில் நகை

இசை வரலாறு எழுதப் புகுவோர் பெரும்பாலும் முகத்தை இறுக்கிக்கொண்டே எழுதுகின்றனர். ஜாஸ் இசைக்கு எழுதப்பட்ட வரலாறுகளும் இதற்கு விலக்கல்ல. அடிமை வாழ்வு, வறுமை, நிறவெறி, போதைப்பழக்கம், இளமையிலேயே சாவு என அந்நூல்களின் பக்கங்கள் துயரத்தால் நிறைந்துள்ளன. அவை யாவும் உண்மையே. ஆயினும், நூலை மூடி வைத்துவிட்டு அக்கலைஞர்களின் இசைத்தட்டுகளைக் கேட்கும்போது வேறொன்றும் செவியில் விழுகிறது. சேவல் கூவுகிறது, குதிரை கனைக்கிறது, பாடுபவர் சொல்லை மறந்தவர்போலப் பொருளற்ற ஒலிகளை அடுக்குகிறார், பியானோ வாசிப்பவர் தாம் பாடும் காதற்பாட்டைத் தாமே இடைமறித்துக் கேலி செய்கிறார். இந்தச் சிரிப்பொலியை விலக்கிவிட்டு எழுதப்படும் ஜாஸ் வரலாறு பாதி வரலாறாகவே நிற்கும்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டனுள் நகையை முதலிலும் அழுகையை அதனை அடுத்தும் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினையும் நகை பிறக்கும் நிலைக்களன்களாக வகுத்தார். உரையாசிரியர் பேராசிரியர் ஒருபடி மேலே சென்று, எள்ளல் இருவகைப்படும் என்கிறார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறரால் எள்ளப்பட்டபோது தான் நகுவது மற்றொன்று. இவ்விரண்டாம் வகையை வகுப்பறையில் விளக்கும்போது எடுத்துக்காட்டுக்கு ஆசிரியர் சற்றே தடுமாற நேரும். எள்ளப்பட்டவன் எதற்காகச் சிரிக்க வேண்டும்? அவன் சிரிப்பு இளிவரலா, பெருமிதமா? அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் நூற்றாண்டு வரலாறு இவ்வினாவுக்கு ஒரு நீண்ட எடுத்துக்காட்டு எனலாம்.

இவ்விசை பிறந்த நியூ ஆர்லியன்ஸ் நகரமே ஒரு கலவை. 1718இல் பிரெஞ்சுக்காரர் நிறுவிய அந்நகர், பின்னர் ஸ்பெயினின் கைக்குப் போய், 1803இல் அமெரிக்கா விலைகொடுத்து வாங்கிய நிலப்பரப்போடு சேர்ந்து வந்தது. 1817இல் நகராட்சி ஒரு சட்டம் இயற்றி, அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டுமே கூடலாம் என வரையறுத்தது. காங்கோ சதுக்கம் என்று பின்னர்ப் பெயர்பெற்ற அத்திடலில் ஆப்பிரிக்க முழவுகளும் ஆட்டமும் நெடுங்காலம் நிலைத்தன. அந்நூற்றாண்டின் இறுதியில் மற்றொரு சட்டம் வேலை செய்தது. தொடர்வண்டியில் கறுப்பருக்குத் தனிப்பெட்டி என்னும் லூசியானா மாநிலச் சட்டத்தை 1896இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் சரியென்றது. ஐரோப்பிய முறையில் இசைக்குறிப்பு கற்று, தம்மைக் கறுப்பரினும் வேறானவராகக் கருதியிருந்த கலப்பினக் கிரியோல் மக்கள் அதனால் ஒரே தெருவுக்குத் தள்ளப்பட்டனர். ஏட்டில் கற்றவரும் காதால் கற்றவரும் ஒரே குழுவில் ஊத வேண்டியதாயிற்று. பிரித்து வைக்கவென்று செய்த சட்டம் புதிய இசையொன்றைச் சேர்த்துவைத்தது. சட்டம் இயற்றியவர்கள் இதற்காகப் பாராட்டுப் பெற உரியரல்லர்.

அந்நகரின் சவ ஊர்வலம் பலரும் அறிந்தது. இடுகாடு செல்லும் வரை ஊதுகருவிக் குழு மெதுவான வழிபாட்டுப் பாடலை இசைக்கும். உடலை அடக்கம் செய்து திரும்பும் வழியில் அதே குழு துள்ளலிசைக்கு மாறும். பின்னே வரும் கூட்டம் குடையைச் சுழற்றி ஆடும். இறந்தவர்பால் மரியாதைக் குறைவு என்று இதனைக் கருதுவோர் முதற்பாதியைக் கேளாதவர்கள். சாப்பறையும் ஆட்டமும் அறிந்த தமிழர்க்கு இது விளங்காத செய்தியன்று.

ஜாஸ் என்னும் சொல்லின் பிறப்பும் வேடிக்கையானது. அச்சில் கிடைத்துள்ள பழைய சான்று, 1912ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலஸ் நாளேடொன்றின் விளையாட்டுப் பக்கத்தில் உள்ளது. பேஸ்பால் ஆட்டக்காரர் ஒருவர் தாம் வீசப்போகும் பந்துக்கு இட்ட பெயர் அது. சுறுசுறுப்பு, துடிப்பு என்ற பொருளில் கலிபோர்னியாவில் உலவிய அச்சொல், 1915 அளவில் சிகாகோவில் இசையின் மேல் ஏறிக்கொண்டது. அதன் வேர்ச்சொல் ஆப்பிரிக்க மொழியது என்பாரும் பிரெஞ்சுச் சொல் என்பாரும் பலர், முடிவு ஏற்பட்டபாடில்லை. பெற்றோர் பெயர் தெரியாத இச்சொல்லையே அமெரிக்கக் கிளைமொழிக் கழகம் இருபதாம் நூற்றாண்டின் சொல்லாகத் தேர்ந்தெடுத்தது.

இவ்விசையின் முதற்பெரும் கலைஞர் எனப்படும் பட்டி போல்டனின் கார்னெட் ஓசையைக் கேட்டவர் இன்று எவருமில்லை. அவர் 1907இல் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு 1931இல் அங்கேயே மறைந்தார். ஒரு பதிவும் எஞ்சவில்லை. ஆகவே அவர் ஊதினால் பல மைல் தொலைவுக்குக் கேட்கும் என்ற புகழுரையை மறுப்பாரும் இல்லை. ஃபிரெடி கெப்பர்ட் என்பவரைப் பற்றியோ இன்னொரு கதை வழங்குகிறது. தம் விரலசைவைப் பிறர் களவாடிவிடுவர் என்று அஞ்சிக் கைக்குட்டையால் கையை மூடிக்கொண்டு ஊதினாராம். அதே அச்சத்தால் இசைத்தட்டு நிறுவனத்தின் அழைப்பையும் மறுத்தாராம். கதை எவ்வளவு மெய்யோ, முதல் ஜாஸ் இசைத்தட்டு வெளியிட்ட பெருமை கறுப்பினக் கலைஞர் எவருக்கும் கிட்டவில்லை என்பது மெய்.

அப்பெருமை, அசல் டிக்சிலாந்து ஜாஸ் குழு என்று தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்ட ஐந்து வெள்ளையர்க்குப் போயிற்று. 1917 பிப்ரவரி 26ஆம் நாள் நியூயார்க்கில் விக்டர் நிறுவனத்துக்காக அவர்கள் பதிவுசெய்த 'லிவரி ஸ்டேபிள் புளூஸ்', குதிரைக் கொட்டிலைப் பெயராகக் கொண்டது. கிளாரினெட் சேவலாகக் கூவும். கார்னெட் குதிரையாகக் கனைக்கும். டிரம்போன் மாடாகக் கத்தும். தட்டு பெருவாரியாக விற்றது. விற்பனை உள்ள இடத்தில் வழக்கும் வரும் அன்றோ? அப்பாட்டு யாருடையது என்று குழுவின் தலைவர் நிக் லரோக்காவின் தரப்பும், குழுவில் முன்பிருந்த அல்சைடு நூனெஸின் தரப்பும் அதே ஆண்டு சிகாகோவில் நீதிமன்றம் ஏறின. சேவலும் குதிரையும் எவருடைய கற்பனையில் உதித்தன என்பது நீதிபதி முன் ஆராயப்பட்டது. நீதிபதி கார்ப்பெண்டர் இரு தரப்பையும் கேட்டு முடித்து, இருவருக்குமே உரிமையில்லை என்று தீர்ப்பளித்தார். இசைக்குறிப்பு அறியாதவர்கள் எதையும் இயற்றியிருக்க இயலுமா என்ற ஐயமும் அவருக்கு இருந்தது. காதால் கற்கும் மரபை ஏட்டால் அளந்த தீர்ப்பு அது. எனினும், அது தவறான காரணத்தால் எட்டப்பட்ட சரியான முடிவு என்றே தோன்றுகிறது. ஒரு நகரமே சேர்ந்து ஆக்கிய இசைக்குத் தனியொருவர் உரிமை கொண்டாடியதை அது மறுத்துவிட்டது. லரோக்கா அடங்கவில்லை. ஜாஸ் இசையைப் படைத்தவர் தாமே என்றும், கறுப்பினத்தாருக்கு அதில் பங்கில்லை என்றும் பின்னாளில் வாதிட்டார். அந்தத் தட்டிலுள்ள எந்தக் கனைப்பையும்விட இதுவே பெரிய நகைச்சுவை.

விலங்கொலி நகை நகைகளுள் தாழ்ந்தது. ஒருமுறை சிரிக்கலாம், மறுமுறை கேட்டால் தட்டின் கீறல்தான் காதில் விழும். நகை இசைக்கு வெளியே ஒட்டவைத்த அணியாக நில்லாது இசையின் உள்ளேயே கலந்து நிற்பதைக் காண, ஜெல்லி ரோல் மோர்ட்டனிடம் வர வேண்டும். தற்பெருமையில் அவரை வெல்வார் அக்காலத்தில் இல்லை. பல்லில் வைரம் பதித்துக்கொண்டவர். 1938இல் வானொலி நிகழ்ச்சியொன்றில் வேறொருவரை ஜாஸ் இசையின் தோற்றுநர் என்று அறிமுகம் செய்ததைக் கேட்டுக் கொதித்து, 1902இல் ஜாஸ் இசையைப் படைத்தவன் நானே என்று 'டவுன் பீட்' என்னும் இதழுக்குக் கடிதம் எழுதினார். திருமுழுக்குப் பதிவேட்டின்படி அவர் பிறந்தது 1890இல். அவ்வாறாயின் பன்னிரண்டு வயதில் ஓர் இசைவகையையே படைத்தவராகிறார். அவரோ தம் பிறந்த ஆண்டை 1885 என்று சொல்லிவந்தார். அந்த ஐந்தாண்டு இந்த உரிமைக் கோரிக்கைக்கு மிகவும் உதவுகிறது.

இப்பேச்சைக் கேட்டு மோர்ட்டனை ஒதுக்கிவிட்ட திறனாய்வாளர் பலர். அவர்கள் இழந்தது பெரிது. 1926இல் சிகாகோவில் தம் 'ரெட் ஹாட் பெப்பர்ஸ்' குழுவுடன் அவர் பதிவுசெய்த 'டெட் மேன் புளூஸ்' என்னும் தட்டைக் கேட்க வேண்டும். தொடக்கத்தில் இருவர் பேசிக்கொள்ளும் கோமாளிப் பேச்சு. அது தெருக்கூத்துக் கட்டியங்காரனின் பேச்சை ஒத்தது. மாதாகோயில் மணி கேட்கிறது. சவ ஊர்வலம் வருகிறது என்கின்றனர். உடனே ஊதுகருவிகள் மெல்லிய சாப்பண்ணை இசைக்கின்றன. அதில் துளியும் கேலியில்லை. பின்பு பாட்டு தாளத்தோடு எழுந்து நடைபோடுகிறது. கார்னெட், கிளாரினெட், டிரம்போன் மூன்றும் ஒன்றையொன்று மறித்தும் தழுவியும் பின்னும் பகுதி, ஜாஸ் இசை எய்திய அழகுகளுள் ஒன்று. மூன்று நிமிடங்களுக்குச் சற்றே மேற்பட்ட நேரத்தில் நகை, அழுகை, உவகை மூன்றும் இடம் மாறுகின்றன. முன்னுள்ள கோமாளிப் பேச்சை நீக்கிக் கேட்பது நன்று என்பாரும் உளர். நீக்கினால் அழுகை வந்து சேரும் திடுக்கீடும் நீங்கிவிடும்; அந்தச் சாப்பண்ணும் மற்றொரு மெல்லிசையாகிவிடும்.

அமெரிக்கா முடியரசை வெறுத்துக் குடியரசானது. அந்நாட்டின் வாக்குச்சாவடியில் நுழையவே தடைப்பட்டிருந்தோர் தமக்குள் அரசவை அமைத்துக்கொண்டனர். ஆலிவருக்கு அரசர் பட்டம். எலிங்டனுக்குக் கோமகன் பட்டம். பேசிக்குப் பிரபுப் பட்டம். லெஸ்டர் யங் என்னும் சாக்ஸபோன் கலைஞரைப் பாடகி பில்லி ஹாலிடே குடியரசுத்தலைவர் என்று அழைத்தார். பதிலுக்கு அவர் பாடகியைச் சீமாட்டி என்றார். தெருவில் வெள்ளையர் எவரும் இவர்களைத் திருவாளர் என்றும் விளிக்காத காலம் அது. ஆதலால் இப்பட்டங்களை வெறும் வேடிக்கையென்று கொள்ளுதல் பொருந்தாது.

இவ்வரசவையின் நடுநாயகம் லூயி ஆம்ஸ்ட்ராங். தாம் 1900 ஜூலை 4ஆம் நாள், அதாவது நாட்டின் விடுதலை நாளில் பிறந்ததாகவே வாழ்நாள் முழுதும் சொல்லிவந்தார். அவர் 1971இல் மறைந்த பின்னர்க் கிடைத்த தேவாலயப் பதிவேடு 1901 ஆகஸ்ட் 4 என்கிறது. 1912ஆம் ஆண்டின் கடைசி இரவில் தெருவில் துப்பாக்கியால் வானத்தை நோக்கிச் சுட்டதற்காகச் சிறுவர் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டார். கார்னெட் வாசிப்பில் முறையான பயிற்சி பெற்றது அங்கேதான். 1926 பிப்ரவரி 26இல், சேவல் கூவிய அந்தத் தட்டுக்குச் சரியாக ஒன்பது ஆண்டுகள் கழித்து, 'ஹீபி ஜீபிஸ்' என்ற பாடலைப் பதிவுசெய்தார். பாடல் எழுதிய தாள் கைதவறி விழுந்ததாம். பதிவு கெடாதிருக்கச் சொல்லற்ற ஒலிகளால் பாடி முடித்தாராம். தாள் விழுந்ததோ இல்லையோ, அத்தகைய பாடல்முறை முன்பே இருந்தது என்பது உறுதி. ஆனால் நாட்டுப்பாடலின் தன்னானே போன்ற ஓர் ஓட்டையடைப்பாக இருந்ததை ஊதுகருவியின் நெளிவுசுளிவுகளோடு கூடிய கலையாக்கியவர் அவரே. சொல் இல்லாதபோது குரலுக்கு என்ன வேலை என்ற வினாவுக்கு அவர் சிரித்துக்கொண்டே விடை சொன்னார்.

அந்தச் சிரிப்புத்தான் வழக்கின் மையம். அகன்ற வாய், உருளும் விழி, கையில் வெள்ளைக் கைக்குட்டை என்ற அவருடைய தோற்றம் 1940களில் வந்த இளந்தலைமுறைக்கு உவப்பாக இல்லை. வெள்ளை எசமானர்க்குப் பல்லைக் காட்டும் பண்ணையடிமையின் சாயலை அவர்கள் அதில் கண்டனர். 1949இல் அவர் தம் பிறந்த ஊரின் திருவிழாவில் சூலு மன்னர் வேடம் பூண்டு, முகத்தில் கரியும் உதட்டைச் சுற்றி வெண்மையும் பூசிப் புற்பாவாடை கட்டி ஊர்வலம் வந்தபோது கண்டனம் உச்சத்தை எட்டியது. கண்டித்தோர் ஒன்றை எண்ணிப் பார்க்கவில்லை. அந்தச் சூலு கழகம் ஏழைக் கறுப்பர்கள் அமைத்தது. நகரின் வெள்ளைச் செல்வர்கள் பொன்முடியும் செங்கோலுமாக நடத்திய மன்னர் ஊர்வலத்துக்கு எதிராக, தொடக்கக் காலத்தில் கொழுப்புத் தகரத்தை முடியாகவும் வாழைத்தண்டைச் செங்கோலாகவும் தாங்கி அவர்கள் வந்தனர். கரி பூசிய முகம் யாரை எள்ளியது என்பதில்தான் வழக்கு இருக்கிறது. தொல்காப்பியர் செம்பொருள் அங்கதம், கரந்த அங்கதம் என இரண்டு கூறுவார். சூலு ஊர்வலம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. ஆயினும், கரந்த அங்கதத்துக்கு ஓர் இடர் உண்டு: உள்ளூராருக்கு விளங்குவது நாளேட்டின் படத்தில் விளங்காது. இளைஞர்களின் சினத்தை முற்றும் தவறென்று தள்ளுவதற்கில்லை.

இக்கரந்த நகையின் மற்றொரு சான்று ஃபேட்ஸ் வாலர். பருத்த உடலும் துள்ளும் புருவமுமாக அவர் பியானோ முன் அமர்ந்தாலே அவை சிரிக்கும். அவர் இசையமைக்க, ஆண்டி ரஸாஃப் சொல்லெழுதி, 1929இல் மேடையேறிய பாடல் 'பிளாக் அண்டு புளூ'. கறுப்பாகப் பிறந்ததைப் பற்றி ஒரு சிரிப்புப் பாட்டு வேண்டும் என்று நாடகத்துக்குப் பணம் போட்ட தாதா மிரட்டினார் எனவும், அதற்கு ரஸாஃப் எழுதிக் கொடுத்ததே இது எனவும் ஒரு கதை உண்டு. கேட்டது கேலி, கொடுத்ததோ நிறத்தால் வந்த துயரின் முறையீடு. அதே ஆண்டு ஆம்ஸ்ட்ராங் இதனைப் பதிவுசெய்தார். அத்தட்டில் அவர் சிரிக்கவில்லை.

1940களில் ஹார்லம் பகுதியின் மின்டன் விடுதியில் புதிய இசை பிறந்தது. பீபாப் என்னும் அதன் பெயரே ஒரு கோமாளி ஒலி. சார்லி பார்க்கர், டிஸ்ஸி கில்லெஸ்பி, தெலோனியஸ் மங்க் முதலியோர் ஆடுவதற்கு இடந்தராத விரைவில் வாசித்தனர். பழமை விரும்பிகளைப் பூஞ்சைபிடித்த அத்திப்பழங்கள் எனப் புதுமையாளர் ஏசினர். பழமையாளர் புதியதை இசையே அன்று என்றனர். தமிழ்ப் புதுக்கவிதைப் போர் கண்டோர்க்கு இவ்வசவுகள் பழகிய குரலில் கேட்கும். இதன் விவரம் இவ்வளவு போதும்.

புதியவர்களுள் சிரிப்பை முற்றாகத் துறந்தவர் மைல்ஸ் டேவிஸ். அவையோரைப் பார்த்துப் பல்லிளிப்பதில்லை என்பதைக் கொள்கையாகவே வைத்திருந்தார். முதுகு காட்டி வாசித்தார் என்ற குறையும் எழுந்தது. 1959 ஆகஸ்டில் அவருடைய 'கைண்ட் ஆஃப் புளூ' வெளியாகியது. சில நாள் கழித்து, அவர் வாசித்துக்கொண்டிருந்த பேர்டுலாந்து விடுதியின் வாசலிலேயே காவலர் அவரைத் தலையில் குருதி வழிய அடித்தனர். சிரித்த ஆம்ஸ்ட்ராங்குக்குக் கிடைக்காத மரியாதை சிரிக்காத டேவிசுக்கும் கிடைக்கவில்லை என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது. இருவரையும் எதிரெதிர் நிறுத்தித் தீர்ப்பெழுதும் திறனாய்வு இந்த இடத்தில் வலுவிழக்கிறது.

1957 செப்டம்பரில் ஆர்க்கன்சா மாநில ஆளுநர் ஃபாபஸ், லிட்டில் ராக் நகரப் பள்ளியொன்றில் ஒன்பது கறுப்பின மாணவர் நுழையாதபடி படைவீரரை நிறுத்தினார். அப்போது வடக்கு டகோட்டாவில் நிகழ்ச்சிக்குச் சென்றிருந்த ஆம்ஸ்ட்ராங், இளம் செய்தியாளர் ஒருவரிடம் வெடித்துப் பேசினார். குடியரசுத்தலைவர் ஐசன்ஹோவருக்குத் துணிவில்லை என்றார்; அரசின் சார்பில் சோவியத் நாட்டுக்குச் செல்லவிருந்த பயணத்தை மறுத்தார். நாடு திகைத்தது. பல்லைக் காட்டுபவர் என்று எண்ணப்பட்டவர் பல்லைக் கடித்தார். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே குழுவில் வாசிப்பதை லூசியானா 1956இல் தடைசெய்திருந்ததால், கலப்புக்குழு வைத்திருந்த அவர் பிறந்த ஊரில் வாசிக்காமலே பல ஆண்டுகள் இருந்தார். 1965இல்தான் அங்கே மீண்டும் வாசித்தார். 2001இல் அவ்வூர் விமான நிலையத்துக்கு அவர் பெயரிட்டனர்.

அதே ஃபாபஸ் மீது சார்லஸ் மிங்கஸ் செம்பொருள் அங்கதம் பாடினார். 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்' 1959இல் கொலம்பியா நிறுவனத் தட்டில் வந்தபோது சொல் நீக்கப்பட்டிருந்தது. 1960இல் சிறு நிறுவனமொன்று சொல்லோடு வெளியிட்டது. அதில் மிங்கஸ் வினவ, முழவுக் கலைஞர் டேனி ரிச்மண்ட் விடையிறுக்க, ஆளுநர் பள்ளிச் சிறுவர் கேலிக்குரிய ஆளாகிறார். சொல்லற்ற முதற்பதிவே கூரியது எனலாம். அசைந்தசைந்து நடக்கும் அந்த மெட்டு, கோமாளி ஒருவன் படைத்தலைவன் உடையில் வருவதைக் கண்முன் நிறுத்துகிறது. பெயர் சொல்லவும் தேவை நேரவில்லை. எலிங்டனின் முறை இன்னும் மென்மையானது. 1965இல் புலிட்சர் இசை நடுவர்கள் அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கப் பரிந்துரைத்தனர், மேற்குழு மறுத்தது. அறுபத்தாறு வயதான எலிங்டன், தாம் மிக இளமையிலேயே பெரும்புகழ் பெற்றுவிடக் கூடாதென்று விதி தம்மீது கருணை காட்டுவதாகச் சொன்னார். 1974இல் அவர் மறைந்தார். 1999இல், அவர் பிறந்த நூற்றாண்டில், அப்பாராட்டு வந்து சேர்ந்தது.

கில்லெஸ்பியோ 1964இல் குடியரசுத்தலைவர் பதவிக்கே நின்றார். வென்றால் வெள்ளை மாளிகையைப் புளூஸ் மாளிகை எனப் பெயர்மாற்றுவதாகவும், மைல்ஸ் டேவிசை உளவுத்துறைத் தலைவராக்குவதாகவும் அறிவித்தார். தேர்தல் பொத்தான்கள் விற்ற பணம் குடியுரிமை இயக்கத்துக்குப் போயிற்று. கன்னம் பந்துபோல் உப்ப, வளைந்த டிரம்பெட்டோடு அவை சிரிக்க வாசித்த இவரே, இளமையில் ஆம்ஸ்ட்ராங்கின் சிரிப்பைக் கடிந்தோருள் முன்னணியில் நின்றவர். 1979இல் வெளியிட்ட தன்வரலாற்றில் அதனைத் திருத்திக்கொண்டார். நிறவெறியின் மேல் எழும் சினம்கூடத் தம் வாழ்வின் மகிழ்ச்சியைப் பறிக்க ஆம்ஸ்ட்ராங் இடங்கொடுக்கவில்லை என்றும், அச்சிரிப்பின் பொருள் அதுவே என்றும், தமக்கு அது காலங்கடந்தே விளங்கியது என்றும் எழுதினார். பேராசிரியர் உரைக்குக் கிடைத்த எடுத்துக்காட்டுகளுள் இதனினும் பொருத்தமானது அரிது.

1987இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஜாஸ் இசையை நாட்டின் அரிய கருவூலம் என்று தீர்மானம் இயற்றியது. 1997இல் விண்டன் மார்சாலிஸ் இசைக்கான புலிட்சர் பரிசு பெற்றார். பல்கலைக்கழகங்கள் பாடமாக்கின, தேர்வு வைக்கின்றன. இசையரங்குகளில் அவையோர் கைகட்டி அமர்ந்து கேட்கின்றனர். கற்பிப்போர் சுரவரிசைகளையும் இசையடுக்குகளையும் செம்மையாகக் கற்பிக்கின்றனர்; மோர்ட்டனின் கோமாளிப் பேச்சைத் தாண்டியே பலரும் பாடத்தைத் தொடங்குகின்றனர். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ஆம்ஸ்ட்ராங் வாழ்ந்த எளிய வீடு 2003 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. அவர் தம் கையாலேயே பதிவுசெய்து, உறைகளில் படங்களை வெட்டி ஒட்டி அழகுசெய்து வைத்த ஒலிநாடாச் சுருள்கள் நூற்றுக்கணக்கில் எஞ்சியுள்ளன. அவற்றில் இசையோடு இசையாக, நண்பர்களைக் கூட்டிவைத்து அவர் சொன்ன சிரிப்புக் கதைகளும், அவர்களுக்கு முன்பே தாம் சிரித்துவிடும் அவருடைய கரகரத்த குரலும் பதிவாகியிருக்கின்றன.